ஒரு கடிகாரத்தின் அளவு

மதுரையில் எந்தக் கல்லும் சும்மா கிடப்பதில்லை. கோயில் தூண், வீட்டு வாசற்படி, ரோட்டில் கொட்டிய ஜல்லி என்று எல்லாவற்றிலும் இம்மியளவு கதிர்வீச்சு உண்டு. மழை பெய்தால் கொஞ்சம் கூடும், அப்புறம் தானே அடங்கும். வாழைப்பழத்தில் உண்டு, அதைத் தின்பவனின் உடம்பிலும் உண்டு. உலகம் உண்டான நாளிலிருந்து இருக்கிற சமாச்சாரம், பயப்பட ஒன்றுமில்லை. சிக்கல் வேறு. ஊரே முணுமுணுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருவன் மெதுவாகப் பேசினால் காதில் விழாது. யாரோ தொலைத்துவிட்ட சின்னக் கதிர்ப்பொருளும் அப்படித்தான், கல்லின் முணுமுணுப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

அந்த முணுமுணுப்பைத் தெருத் தெருவாக அளந்து வரைபடமாக்கி, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுகிற ஏற்பாட்டுக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். டவுன் பஸ் ஒவ்வொன்றின் கூரையிலும் ஒரு கருவி. எல்லாம் மலிவுச் சரக்கு. தினமும் காலையில் வரைபடத்தைப் பார்த்துத்தான் அவை தங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அதாவது வரைபடம் சொன்னால் வேதவாக்கு.

அந்த வரைபடத்தை எடுத்தவள் மங்கையர்க்கரசி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், சத்தமே போடாத ஒரு பேட்டரி வேனில், அவளும் கணவர் நாகலிங்கமும் டிரைவர் சோணைமுத்துவும் மூன்று வருஷம் மதுரையைச் சுற்றினார்கள். அவள் இயற்பியல் படித்தவள், கருவி அவள் பொறுப்பு. நாகலிங்கம் நில அளவைக்காரர். எந்தத் தெருவை எப்போது, எந்த வேகத்தில் கடப்பது என்பதெல்லாம் அவர் கையில். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. ஓய்வு பெற்ற மங்கை எல்லிஸ் நகர் வீட்டில் தனியாக இருந்தாள். அந்த மூன்று வருஷத்தைத்தான் அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். வடக்குமாசி வீதியில் வண்டியை ஓரங்கட்டிக் குடித்த பருத்திப்பால், இடம் பறிக்க வந்த சர்வேக்காரர்கள் என்று நினைத்துச் செல்லூரில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றியது, சோணைமுத்து அவரிடம் "பெரியவரே, நாங்க வெயில் அளக்க வந்திருக்கோம்" என்று புளுகிச் சமாளித்தது. அவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு முள்ளும் இருந்தது. அதை மட்டும் அவள் தொடமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சோணைமுத்து போன் செய்தார்.

"ம்மா, சோணமுத்து பேசுறேன். நம்ம சல்லட நல்லாத்தானே வேல செய்யுது?"

"ஏன் சோணை, என்ன ஆச்சு?"

"எங்க பாரிஜாதம் நகர்ல மண்ணடிச்சு மேடாக்குனாய்ங்கல்ல, அது அந்தக் குலோத்துங்கன் ஆஸ்பத்திரி இடிச்ச கல்லும் மண்ணுமாம். பேப்பர்ல போட்டுருக்கான். ஊசி ஒண்ணக் காணோமாம்."

மங்கையும் அந்தச் செய்தியைப் படித்திருந்தாள். எண்பது வருஷத்துப் பழைய ஆஸ்பத்திரியை இடித்தபோது சுவருக்குள் ஒரு ஈயப்பெட்டி கிடைத்தது. அந்தக் காலத்தில் புற்றுக்கட்டிக்குள் ரேடியம் ஊசியைக் குத்தி வைத்து வைத்தியம் பார்ப்பார்கள். பெட்டியில் ஆறு குழி, ஐந்து ஊசி. ஆறாவது ஊசி இடிபாட்டோடு லாரியேறிப் போயிருக்க வேண்டும்.

"பஸ்ஸு தெனமும் எங்க காலனிக்குள்ள வந்துட்டுத்தான் போகுது. ஒண்ணும் இல்லேங்குது சல்லட. கையில மிசினோட ஒரு ஆளும் வந்து நடந்து பாத்தாரு. கல்லு மண்ணு இருந்தா இம்புட்டு இருக்கத்தான் செய்யும்னுட்டுப் போயிட்டாரு. அங்கன்வாடி கட்ட வச்சிருக்க மேடு அப்படியே கெடக்கு ம்மா. பிள்ளைக பூராம் அதுலதான் சறுக்கி வெளாடுது. என் பேத்தி வேம்பு, என்னத்தப் பாத்தாலும் எடுத்து வாயில வைக்கிற வயசு."

"பிள்ளைகள அங்கிட்டு விடாதீங்க."

"என் பிள்ளையப் பிடிச்சு வைப்பேன். எரநூறு வீட்டுப் பிள்ளையவும் நான் பிடிக்க முடியுமா? நீங்க ஒருவாட்டி பாத்துச் சொன்னா நம்புவேன்."

மங்கை அன்றைக்கே சல்லடை அலுவலகத்துக்குப் போனாள். பொறுப்பிலிருந்த ரஹ்மத் நிஷாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மங்கையைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் மேஜையில் மூன்று டீ டம்ளர்கள் ஆறிப்போய் நின்றன.

"பஸ் கணக்கெல்லாம் ரெண்டு தடவை பாத்துட்டேன் மேடம். ஊசி ஊர்ல இல்லேன்னுதான் சொல்லுது."

"சல்லடையோட கண்ணு எவ்வளவு பெருசுன்னு பாக்கலாம்மா. பெரிய கண்ணா இருந்தா சின்னது விழுந்துடும்ல?"

மங்கை பழைய அளவுகளைத் திறக்கச் சொன்னாள். பார்க்கப் பார்க்க வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. இது நேதாஜி ரோடு, அன்றைக்கு மழை. இது திருப்பரங்குன்றம், மலையை நெருங்க நெருங்கக் கணக்கு ஏறுகிறது. இது வண்டியூர்த் தெப்பக்குளம், தண்ணீர் நிறைந்திருந்த வருஷம். அங்கே கொஞ்சம் நின்றாள். தெப்பக்குளக் கரையில் ரேடியத்தின் பங்கு இவ்வளவு இருக்க வழியில்லை. கல்லில் ரேடியத்தோடு சேர்ந்தே இருக்கிற தோரியமும் பொட்டாசியமும் குறைந்த இடத்தில் ரேடியம் மட்டும் குறையாமல் நிற்கிறது. செல்லூரைப் பார்த்தாள். அங்கேயும் கூடுதல். பழங்காநத்தம், தல்லாகுளம், ஆரப்பாளையம் எல்லாமே அப்படித்தான்.

"எல்லாத் தெருவுலயும் ஒரே அளவு கூட இருக்கு" என்றாள் மங்கை. "பாறை இவ்வளவு நியாயமாப் பங்கு போடாதும்மா."

"அப்ப எங்கருந்து வந்திருக்கும்?"

"எல்லாத் தெருவுக்கும் போனது ஒண்ணே ஒண்ணுதான். எங்க வண்டி."

"வண்டியோட சொந்தக் கணக்கைத்தான் கழிச்சிருக்கீங்களே மேடம். வருஷா வருஷம் பாம்பன் பாலத்துல நிறுத்தி அளந்ததா இருக்கே."

அதுவும் உண்மைதான். மண்ணும் பாறையும் இல்லாத இடத்தில், கீழே கடல் மட்டும் இருக்கும்போது அளந்தால் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் ஆயுத பூஜை. லீவு நாள், பாலத்தில் சரக்கு லாரிகள் அதிகம் ஓடாது. வண்டியையும் உள்ளே வெளியே கழுவி, குப்பை கூளம் இல்லாமல் துடைத்து, பொட்டு வைத்து, மதியமே எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்துவிடுவார் சோணைமுத்து. இதைவிடச் சுத்தமான வண்டி எங்கே கிடைக்கும் என்று மங்கையே பெருமைப்பட்டிருக்கிறாள்.

பாம்பனுக்குப் போகும் அந்தச் சுத்தமான வண்டியை நினைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதில் நாகலிங்கத்தின் கடிகாரம் இருக்காது.

அது அவர் அப்பா ரயில்வே கார்டாக இருந்தபோது வைத்திருந்த சாவி கொடுக்கும் டைம்பீஸ். போன் காட்டும் நேரத்தை நாகலிங்கம் நம்பமாட்டார். வண்டியின் முன்பலகையில் ரப்பர் பட்டை போட்டு அதைக் கட்டி வைத்திருப்பார், யாரையும் தொடவிடமாட்டார். ஆயுத பூஜைக்கு மட்டும் அது இறங்கி, அளவுச் சங்கிலி, பேனா, புத்தகங்களோடு பூஜையில் உட்கார்ந்துவிடும். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரை எடுக்கக் கூடாது. அதில் அவர் ரொம்பக் கறார். வண்டி பாம்பனுக்குப் போகும், கடிகாரம் சரஸ்வதி படத்தடியில் கிடக்கும்.

வீட்டுக்கு நிஷாவும் கூட வந்தாள். ஷோகேஸிலிருந்த கடிகாரத்தை மங்கை எடுத்தாள். எண்கள் பழுப்பேறிக் கிடந்தன. அவை இருட்டில் ஒளிர்ந்ததை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒளிரும் பூச்சு எப்போதோ செத்துவிட்டது. அதற்குள் கலந்திருந்த ரேடியம் சாக இன்னும் ஆயிரக்கணக்கான வருஷம் பாக்கி. நிஷா கைக்கருவியைக் கிட்டே கொண்டுபோனதும் அது எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி பொரிந்து தள்ளியது.

"வண்டிக்குள்ள ஊரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். முன்பலகையப் பாக்கல" என்று மங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். "மதுரை பூராவும் எங்க வீட்டு டைம்பீஸ் இருக்கும்மா. ஒரு கடிகாரத்தோட அளவுக்குக் கீழ எது இருந்தாலும் சல்லடைக்குத் தெரியாது. மேட்டுக்குள்ள ஆழத்துல கெடக்குற ஊசி அதுக்குக் கீழதான் இருக்கும்."

நிஷா அதட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "கழிச்சுப் பாப்போம் மேடம்" என்றாள்.

கடிகாரத்தை வைத்து அளந்து, வரைபடத்தின் நகல் ஒன்றில் ஊர் முழுக்க அந்த அளவைக் கழித்தார்கள். அலுவலகத்தின் நல்ல கருவி வண்டி, இடிபாட்டு லாரிகள் போன வழியெல்லாம் மறுநாள் போய்வந்தது. லாரிகள் போன இடம் இரண்டுதான். ஒன்று பாரிஜாதம் நகர். இன்னொன்று, அகலப்படுத்தும் வேலை நடக்கிற சுற்றுச்சாலை. அது சரக்கு லாரிகள் ஓடும் ரோடு, டவுன் பஸ் எட்டிப் பார்க்காது. அதனால் அந்த ரோட்டைச் சல்லடை வரைபடத்தோடு ஒப்பிட்டதே அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மத்தியானம் திரையில் இரண்டு சிவப்பு தெரிந்தது. பாரிஜாதம் நகர் மேட்டில் ஒரு சின்னப் புள்ளி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி. சுற்றுச்சாலையில் அப்படியில்லை. நீளமாக, பளிச்சென்று, நாடா விரித்ததுபோல ஒரு சிவப்பு.

நிஷா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஊசி நசுங்கிடுச்சு மேடம். கல்லுடைக்கிற மிஷின்ல போட்டு அரைச்சு, ஜல்லியோட ரோடு பூரா விரிச்சுட்டாங்க. தூளாகிப் போச்சுன்னா மூச்சுல போகும். ரோட்டோரத்துல எத்தனை கடை, எத்தனை வீடு."

"மேட்டுல தெரியிறது?"

"அதை அப்புறம் பாக்கணும். தோண்டுறதுக்குச் சென்னையிலேருந்து வந்திருக்கிறது ஒரே குழு. போலீசும் ஒரு இடத்துக்குத்தான் தர்றாங்க. மண்ணைச் சோதனைக்கு அனுப்பினா முடிவு வர ஒரு வாரம் ஆகும். ரோட்டு ஜல்லியும் கருங்கல்தான், கையால அளந்தா எது கல்லு எது ரேடியம்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. வரைபடத்தைத்தான் நம்பணும். அதுலயும் பாருங்க, மத்த தெருவை எல்லாம் ரெண்டு தடவைதான் அளந்திருக்கீங்க. இந்த ரோட்டை மட்டும் ஒரு மாசம் திரும்பத் திரும்ப அளந்திருக்கீங்க. மொத்த வரைபடத்துலயும் உறுதியான கணக்கு இதுதான்."

மங்கைக்கு அது புதிய செய்தி. ஒரே ரோட்டை ஒரு மாதம் எதற்கு அளந்தார்கள்? நாகலிங்கம் ஒரு தெருவை மூன்றாம் தடவை போகச் சொன்னால் கணக்குக் கேட்பவர். தேதியைப் பார்த்தாள். அந்த வருஷத்து ஐப்பசி மாதம். தொடமாட்டேன் என்று வைத்திருந்த முள் தானாக வந்து குத்தியது.

புரட்டாசிக் கடைசியில், ஏழாம் மாதத்தில், குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நாகலிங்கம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழவில்லை, தோளில் கை வைக்கவில்லை. பத்து நாள் போனதும் "நாளைக்கு வேலைக்குக் கிளம்பலாமா" என்று கேட்டார், அவ்வளவுதான். கல்லில்கூட முணுமுணுப்பு இருக்கிறதே, இந்த மனுஷனுக்குள் ஒன்றுமே இல்லையா என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். அதற்குப் பிறகு சேர்ந்து சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், ஊர் ஊராகப் போனார்கள். ஆனாலும் அந்த ஒன்றை அவள் மன்னிக்கவில்லை. அவர் உடம்பைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அடிமனதில் அது இருந்தது.

அந்த மாதம் வண்டியில் என்ன செய்தாள் என்பது அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை. வீட்டில் ராத்திரி கண்மூட முடியாது. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் எப்படியோ தூங்கிப்போவாள். அது மட்டும்தான் நினைவிருந்தது.

"அந்த ரோட்டுல கூடுதல் எவ்வளவும்மா?" என்று கேட்டாள்.

நிஷா எண்ணைக் காட்டினாள். ரோட்டின் இந்த முனையிலும் அதேதான், அந்த முனையிலும் அதேதான். சரியாக ஒரு கடிகாரத்தின் அளவு.

"அரைச்ச தூளும் இவ்வளவு நியாயமாப் பங்கு போடாது" என்றாள் மங்கை. "அந்த மாசம் வண்டியில கடிகாரம் இல்லாம இருந்திருக்கணும். இல்லாத கடிகாரத்தை நாம கழிச்சிருக்கோம். வரைபடத்துல அந்த ரோடு குறைஞ்சுபோனதாலதான் இன்னைக்கு அளந்தது கூடுதலா, செவப்பாத் தெரியுது."

"இருந்திருக்கணும்னு சொன்னாப் போதாது மேடம். நாளைக்கு அந்த ரோடு நிஜமா இருந்துட்டா என் தலைதான் உருளும். உங்க வீட்டுக்காரர் கடிகாரத்தை விட்டுட்டு வண்டி எடுக்கவே மாட்டார்னு நீங்கதானே சொன்னீங்க?"

அது நிஜம்தான். நாகலிங்கம் மாட்டார். காய்ச்சலில் படுத்திருந்த அன்றுகூடக் கடிகாரத்தைக் கட்டினாயா என்று போனில் கேட்ட மனிதர்.

சோணைமுத்துவைக் கூப்பிட்டாள். அவர் மேட்டடியில்தான் நின்றிருந்தார், கையில் ஒரு கம்பு. பிள்ளைகளை விரட்டும் சத்தம் போனில் கேட்டது.

"சோணை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சுற்றுச்சாலையில நாம திரும்பத் திரும்பப் போனோமே, அப்ப சாரோட கடிகாரம் வண்டியில இருந்துச்சா?"

அவர் தள்ளி நடந்து போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"அத எதுக்கும்மா இப்பக் கேக்குறீங்க? சாரு உங்ககிட்டச் சொல்ல வேணாம்னாரே."

"சொல்லுங்க. உங்க பேத்தி விளையாடுற மேட்டுக்காகத்தான் கேக்குறேன்."

"இல்லம்மா. எங்க வீட்டுலதான் இருந்துச்சு. மொத நா நீங்க தூங்கிட்டீங்க. நம்ம வண்டியிலதான் சத்தமே கெடையாதே, அந்தக் கடியாரம் மட்டும் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்கும். ரெண்டுவாட்டி திடுக்குனு முழிச்சு அழுதீங்க. மறுநா வெள்ளனே சாரு எங்க வீட்டுக்கு வந்து அதக் கையில குடுத்துட்டாரு. அவ வீட்டுல பாத்தாக் கேப்பா, நீயே வச்சுக்கன்னாரு. எங்க வீட்டுக்காரிக்கு ஒரு மாசம் அந்தச் சத்தத்துல தூக்கமில்ல, என்னையத் திட்டித் தீத்துட்டா."

நிஷாவும் கேட்கட்டும் என்று மங்கை போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள்.

"அப்பத்தான் அந்த ரோடு புதுசாப் போட்டுருந்தாய்ங்க, பள்ளம் மேடு கெடையாது. அவ முழிக்கிற வரைக்கும் இதுலயே ஓட்டு சோண, எங்கயும் நிறுத்தாதன்னாரு. எத்தன நடைன்னு எனக்கே தெரியாது. சாரு முன்சீட்டுல உக்காந்து உங்களத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வருவாரு. ஒருக்கா கண்ணத் தொடச்சாரு. நான் பாக்காத மாதிரி ரோட்டப் பாத்துக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல அவரு?" என்று கேட்டாள் மங்கை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"சாரு என்னைக்கும்மா வாயத் தொறந்து சொன்னாரு?"

அவள் அழுதாள். நிஷாவின் முன்னால் அழுகிறோமே என்ற கூச்சம்கூட வரவில்லை. கோபமாகவும் இருந்தது, சொல்லாமல் போன மனிதர்மேல் ஒரு பங்கு, ஊர்க் கல்லையெல்லாம் அளந்துவிட்டுப் முன்சீட்டில் இருந்தவரை அளக்காத தன்மேல் மூன்று பங்கு. நிஷா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்று குழுத் தலைவருக்குப் போன் போட்டாள்.

"சுற்றுச்சாலை வேணாம் சார். எல்லாரும் பாரிஜாதம் நகர் மேட்டுக்குப் போங்க. ஆமா, இப்பவே. நான் பொறுப்பு."

ஞாயிற்றுக்கிழமை காலை காலனியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பிள்ளைகளையெல்லாம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்து, சோணைமுத்து வாசலில் கம்போடு உட்கார்ந்துகொண்டார். நீளக் கைப்பிடி போட்ட கருவிகளால் மேட்டை அடுக்கடுக்காகச் சுரண்டினார்கள். பத்து மணிக்கெல்லாம் புள்ளி பெரிதாகிவிட்டது. பதினொன்றரைக்கு, சுண்ணாம்புக் காரை ஒட்டிய ஒரு செங்கல்லின் இடுக்கில், தையல் ஊசியைவிடக் கொஞ்சம் தடியாக, அது மினுங்கியது. பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி அந்தப் பக்கம் பாதி மேடு ஏற்கெனவே கரைந்திருந்தது. இன்னும் ஒரு சாண் கரைந்திருந்தால் வெளியே வந்திருக்கும். ஈயப்பெட்டியின் ஆறாவது குழியில் வைத்து அதை மூடினார்கள். ரோட்டில் ஒன்றுமில்லை என்று சோதனைச்சாலையும் அடுத்த வாரம் சொன்னது.

வரைபடத்தைத் திருத்துகிற வேலைக்கு நிஷா மங்கையைக் கூப்பிட்டிருந்தாள். ஊரின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு கடிகாரத்தை எடுத்தார்கள். கோயிலைச் சுற்றிய வீதிகள், செல்லூர், பருத்திப்பால் குடித்த முனை எல்லாமே சட்டென்று கொஞ்சம் இளைத்துப் போயின. நாகலிங்கம் ஊரைவிட்டு இறங்கிப் போவதுபோல இருந்தது மங்கைக்கு. கடைசியில் சுற்றுச்சாலை வந்தது. அதில் மட்டும் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே அவர் முன்பே எடுத்துவிட்டார்.

"இந்த ரோட்டுக்கு மட்டும் தனிக் கணக்கு வச்சா, ஏன்னு ஒரு காரணம் போடணும் மேடம். பின்னாடி வர்றவங்க கேப்பாங்க" என்றாள் நிஷா. "கருவிக் கோளாறுன்னு போட்டுடவா?"

"கோளாறு இல்லம்மா. அந்த ஒரு மாசம்தான் நாங்க சரியா அளந்தோம்."

"அப்ப என்னன்னு போட?"

மங்கை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வரிதான் எழுதினாள்.

'அளவெடுத்த நாட்களில் வண்டியில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.'